செத்தவன் பங்கு

ஏழு வருடமாய் உயில் தட்டச்சு செய்கிறேன்
ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்து மாடியறையில்.
அசையாதது, அசைவது என
சொத்தை முதலில் இரண்டாக்கும் சட்டம்.
நிலம் அசையாதாம்.
குளிர்காலந்தோறும் கரையை
ஒரு முழம் கடித்துத் தின்கிறது கடல்.
நான் வாய் திறப்பதில்லை.

அசைவதை மூன்றாக்க வேண்டும்.
ஒன்று விதவைக்கு.
ஒன்று பிள்ளைகளுக்கு, அப்பனுக்குப் பிடிக்காவிட்டாலும்.
மூன்றாவதற்கு இந்தப் பக்கம் பழைய பெயர்:
செத்தவன் பங்கு.
யாரையும் கேட்காமல்
யாருக்கும் அவன் தரலாம்.
சேர்ந்த புதிதில் சிரித்தேன்,
செத்தவன் என்ன கடைக்கா போகப்போகிறான் என்று.

கொடை, ஈவு, உரிமை, பாகம்,
எல்லாவற்றுக்கும் கீழே
எச்சம் என்றொரு சொல் வரும்,
கணக்கில் விடுபட்ட கரண்டிகளுக்காக.
ஜன்னல் விளிம்பில் கடற்காக்கை
விட்டுப்போவதற்கும் அதுதான் பெயர்.
வாரத்துக்கு இருமுறை துடைக்கிறேன்.

டேவி டிரீவர் உயிலெழுத வந்த நாள்
படகு தாமதம்.
வலது காலை இழுத்து இழுத்து
எங்கள் மாடிப்படி முழுக்க ஏறிவந்தார்.
கீழே வருகிறோம் என்றதற்கு
கையை மட்டும் அசைத்தார்.
மார்ச்சில் அந்த உறையைப் பிரித்தோம்.

டொமைமாவுக்குச் சேமிப்பு, நாற்காலிகள், நாய்.
நாய் எப்போதும் அவள் பேச்சைத்தான் கேட்கும்.
கால்கரி மகனுக்கும் அபர்டீன் மகளுக்கும்
பணம், சில்லறை வரை சமமாக.
பிறகு மூன்றாம் பக்கம்:

என் பங்கிலிருந்து
ஜெரமையா ரெண்டலுக்கு
அவனுடைய ஏணி.

திருமதி ஹெடில் கண்ணாடியைக் கழற்றினார்.
தன்னுடையதல்லாததை ஒருவன் எப்படிக் கொடுப்பான்?
தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.
இரவல் வாங்கியதை
இரவல் கொடுத்தவனுக்கே எழுதிவைக்க
அதில் ஒரு சொல்லும் இல்லை.
"திருப்புதல்" என்று அடிக்கச் சொன்னார்.
அடித்தேன்.
வேண்டாம், அழி என்றார்.

கிரேம்சே தீவில் அடுத்தடுத்த வீடுகள்.
முப்பத்தொரு வருடம் பேச்சில்லை.
கிடா ஒன்றால் என்பார்கள், வேலியால் என்பார்கள்.
டொமைமாவைக் கேட்டால் தேநீர் ஊற்றுவாள்.

ஜெரமையா கழுத்துப்பட்டை கட்டி வந்தார்.
"இதற்கு வரி உண்டா?"
இல்லை என்றோம்.
"வாங்க மறுக்கலாமா?"
மறுக்கலாம் என்றோம்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
அடுத்த படகு ஊதும்வரை உட்கார்ந்திருந்தார்.

ரசீதில் கையெழுத்து வாங்க நான் போனேன்.
கொட்டகையின் வடக்குச் சுவரில்
எண்ணெய் பூசித் தொங்கியது ஏணி.
டொமைமா உள்ளேயே இருந்தாள்.
நாய் மட்டும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

கீழிருந்து மூன்றாவது படி வேறு மரம்.
மரமே வளராத அந்தத் தீவில்
அலை ஒதுக்கிய ஏதோ கப்பல் பலகை.
ஆணித்துளை ஒன்று,
விளிம்பில் நீலச் சாயம் கொஞ்சம்.
மற்ற படிகளைவிட வழவழவென்று
இழைத்திருந்தது.

"உளுத்திருந்தது," என்றார் ஜெரமையா,
என்னிடமில்லை.
"சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்."

படியில் காலை வைக்கவில்லை.
கையை வைத்தார்.
காற்று கொட்டகைத் தகரத்தை
இரண்டு தரம் தூக்கிப் போட்டது.

பிறகு ரசீதைக் கேட்டார்.
பொருள் என்ற கட்டத்தில் நான் அடித்திருந்த
'ஏணி, ஒன்று' என்பதில்
முதல் சொல்லைக் கோடிட்டு அடித்து
மேலே பென்சிலால் எழுதினார்:
படி.
கையெழுத்திட்டார்.

அலுவலகத்தில் அதைத் திருத்தச் சொல்வார்கள் என்றிருந்தேன்.
திருமதி ஹெடில் வாசித்தார்.
கோப்பில் வை என்றார்.